மஞ்சள் இல்லாத கடிதம்

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மாள் காத்திருந்தாள். பட்டாளத்துக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, படித்துச் சொல்ல வேண்டுமாம். என்னிடம் நீட்டுவதற்கு முன் உறையின் நான்கு மூலைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மஞ்சளே இல்லியேம்மா" என்றாள். பட்டாளத்தில் மஞ்சளுக்கு எங்கே போவார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் பிரிப்பதற்கு முன் நானும் நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மகன் சௌக்கியம், ரொட்டிதான் இறங்கவில்லையாம்.

யுத்தம் தொடங்குவதற்கு முன்பு நான் இரண்டு வருஷம் ரங்கூனில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் எங்கள் குடும்பத்தில் நாற்றுப் பிடிக்காத கை என்னுடையது ஒன்றுதான். அந்தப் பெருமையில் கப்பல் ஏறிவிட்டேன். கரை மறைந்ததுமே பயம் பிடித்துக்கொண்டது. பிறகு அது என்னை விடவே இல்லை. தெருவெல்லாம் மீன் ஊறல் நாற்றம், புரியாத பாஷை. வகுப்பில் என்னைவிட உயரமான பர்மியப் பெண்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்கும். என் புடவையைப் பார்த்தா, உச்சரிப்பைக் கேட்டா என்று தெரியாமல் வியர்த்துப் போவேன்.

அதையெல்லாம்விடப் பெரிய பயம் தபால். நான் கிளம்பியபோது அப்பா இருமிக்கொண்டிருந்தார். வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு குமாஸ்தா எழுதித் தருவார். அம்மா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "நாலு மூலையும் பாத்துட்டு அப்பால பிரி. மஞ்ச இருந்தா உங்கப்பன் கீறாருன்னு வெச்சிக்க."

ஒரு வெள்ளிக்கிழமை வந்த உறையில் மஞ்சள் இல்லை. விலாசமும் குமாஸ்தாவின் கையெழுத்து இல்லை. எழுத்துகள் பெரிது பெரிதாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அழுதுகொண்டே யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூன்று நாள் பிரிக்கவில்லை. மடியில் செருகிக்கொண்டே பாடம் நடத்தினேன். பயப்படாமல் உரக்க வாசியுங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொன்னேன், பாருங்கள்.

என்னோடு அதே வீட்டில் குடியிருந்தவள் ராக்கம்மா. அம்பத்தூர்க்காரி, அரிசி ஆலையில் வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "இன்னா டீச்சரம்மா, மூணு நாளா அத்த மடியில வெச்சிகினு அடைகாக்குற? குஞ்சு பொரியுமா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, உறையைப் பிடுங்கி அரிவாள்மணையில் கீறினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. அதான் பயமும் இல்ல. இந்தா."

நான்கே வரி. "அப்பா நன்றாக இருக்கிறார். ஆடு குட்டி போட்டது. பூந்தமல்லியிலிருந்து வரும் மிஷன் அம்மாவிடம் நான் எழுதக் கற்றுக்கொண்டேன். நானே எழுதும்போது மஞ்சள் எதற்கு என்று விட்டுவிட்டேன்." கீழே அம்மாவின் பெயர்.

ஆனந்தத்தில் அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. கோபம் வந்தது. மூன்று நாள் பயந்த பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. சிவப்பு மை எடுத்து, வகுப்பு நோட்டைத் திருத்துவதுபோல் நான்கு வரியையும் திருத்தினேன். மஞ்சள் இல்லாமல் இனி அனுப்பாதே என்று அடியில் எழுதி, அந்தக் காகிதத்தையே திருப்பி அனுப்பினேன்.

அடுத்த கடிதம் குமாஸ்தாவின் அழகான கையெழுத்தில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் அப்பியிருந்தது. அதன்பின் எல்லாமே அப்படித்தான்.

அந்த ரங்கூன் வீடு குண்டு விழுந்து போயிற்றாம். தப்பியவர்களோடு ராக்கம்மாவும் காட்டு வழியாக ஊருக்கு நடந்து வந்தாளா, வழியில் நின்றுவிட்டாளா, தெரியவில்லை. சேக்காட்டில் எங்கள் வயலையும் வீட்டையும் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நாற்றங்கால் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. வீட்டுச் சாமான்களைக் கட்டும்போது, நான் திருத்தி அனுப்பிய அந்தக் கடிதத்தை அம்மாவிடம் கேட்டேன். கேட்கும்போது ரங்கூனில் பயந்ததில் பாதியாவது இருந்திருக்கும்.

"செவப்பா கோடு போட்டிருந்துச்சே, அதா? அடுப்புல போட்டுட்டேன். தப்பா எழுதுனத இன்னாத்துக்கு வெச்சிக்கணும்?"

இன்று பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு சிலேட்டையும் பலப்பத்தையும் அம்மா முன்னால் வைத்தேன். முந்தானையால் சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்து, என் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டாள்.