பற்றுச்சீட்டு வாங்காதவர்கள்

நினைவு மலருக்கு அஞ்சலி ஒன்று எழுதித் தருமாறு எம் தமிழ்ச் சங்கச் செயற்குழு கேட்டிருக்கிறது. அதற்கு முன் ஒரு முறைப்பாட்டுப் பட்டியல்:

1. 1987 பெப்ரவரி 17, செவ்வாய். பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், தன் மூன்றாம் மாடி வீட்டில், எம் அகதிகளுக்கு மேன்முறையீடு எழுதித் தந்த ஓரின் டெல்வுட் இறந்தார். வேலைக்குப் போகக் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிய என்னிடம் மரக்கறிக்கடை வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள்.

2. பெப்ரவரி 19. உறவினர் எவரும் இங்கே இல்லாததால் வீடு முத்திரையிடப்பட்டது. எம்மவர் அவரிடம் ஒப்படைத்த மூலப் பத்திரங்கள் உள்ளே அலுமாரியில் இருக்கின்றன.

3. பெப்ரவரி 20. மன்னார் மரியதாசின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். இராணுவம் அவனைத் தேடிக் கோவிலுக்கு வந்ததென்று பங்குத்தந்தை எழுதிய கடிதமே அவனுடைய ஒரே சாட்சி. அதுவும் அந்த அலுமாரியில்.

4. பெப்ரவரி 26. வீட்டுக்குப் பொறுப்பான நொத்தாரிசு, பத்திரங்களை எடுக்க இரண்டு வழி சொன்னார்: உரியவர் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும், இல்லையேல், பதிவுபெற்ற சங்கமொன்று பொறுப்பேற்று எழுதித் தர வேண்டும்.

5. பெப்ரவரி 27. சங்கத் தலைவரிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டேன். "பாப்பம்" என்றார்.

6. மார்ச் 6. கடிதம் எழுதப்படவில்லை. 'எம் காவலர்' என்ற தலைப்போடு அவருடைய படம் எம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் சுவர்களில் ஒட்டப்பட்டது.

இனி அஞ்சலி.

டெல்வுட் அமெரிக்காவின் சோளம் விளையும் மாநிலமொன்றில் வழக்கறிஞராக இருந்தவர். அம்மாநிலச் சட்டசபைக்கு இருமுறை தெரிவானவர். குடியிருப்பவரை வாய்மொழியாகவே வெளியேற்ற இடமளிக்கும் சட்டமொன்று சபைக்கு வந்தபோது, தன் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. அடுத்த தேர்தலில் தோற்றார். "தோற்றதில் வருத்தமில்லை. நான் இல்லையென்று சொன்னது சபைப் பதிவேட்டில் இருக்கிறது" என்பார். பிரெஞ்சுக்காரியான மனைவியோடு இங்கே வந்து, அவர் காலமான பின்னும் இங்கேயே தங்கிவிட்டார்.

இந்நாட்டு நீதிமன்றத்தில் வாதாட அவருக்கு உரிமையில்லை. எனவே, நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மேன்முறையீட்டு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் அவருடைய சமையலறை மேசையில் நான் தமிழை ஆங்கிலமாக்குவேன். அவர் அதைப் பிரெஞ்சாக்குவார். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே கேள்விதான்: "கண்டதா, கேட்டதா?" திரான்சிப் புறநகரிலிருந்து வந்த ஒருவர், அறை நண்பரின் கதையை அப்படியே பாடமாக்கி ஒப்புவித்தார். டெல்வுட் கோபிக்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்து, "இப்போது உம்முடையதைச் சொல்லும்" என்றார். அந்த மனிதர் அழுதுவிட்டார்.

எந்தப் பத்திரத்தைப் பெற்றாலும் உடனே பற்றுச்சீட்டு எழுதுவார். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு விதவையின் காணி உறுதியைத் தன் கந்தோரிலேயே தொலைத்தாராம். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாததால் அப்பெண் வழக்கில் தோற்றார். "நான் நல்லவன் என்பது அவளுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை" என்று ஒருமுறை சொன்னார்.

எம்மவருக்கோ அந்தச் சீட்டு வேடிக்கை. "கைகுடுத்தாலும் அதுக்கொரு துண்டு எழுதித் தருவார்" என்று படியில் இறங்கும்போது சிரிப்பார்கள். பங்குத்தந்தையின் கடிதத்தைக் கொடுத்த அன்று மரியதாஸ் சீட்டைத் தொடவே மறுத்தான்.

"மாஸ்டர், இந்த மனிசனிட்டைத் துண்டு வாங்கினால் நாங்கள் அவரை நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்?"

டெல்வுட் என்னைப் பார்த்தார். அவன் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. சீட்டைப் பிறகு வாங்கிக்கொள்வானாம் என்றேன். மேசையில் கிடந்ததை எடுத்து, மற்றவர்கள் விட்டுச்சென்ற சீட்டுகளோடு மேசையின் லாச்சியில் போட்டேன். பல்கலைக்கழகம் சென்று படித்தவன் நான். என் பட்டச் சான்றிதழைக் கொடுத்தபோது நானும் சீட்டு வாங்கவில்லை. அந்த லாச்சியும் இன்று முத்திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. முறைப்பாட்டுப் பட்டியலில் இது ஏழாவதாக வந்திருக்க வேண்டும்.

நேற்று மீண்டும் தலைவரிடம் போனேன்.

"மாஸ்டர், உங்கடை கோவம் விளங்குது. ஆனால் சங்கத்தின்ரை பேரிலை எழுதினால், நாளைக்கு ப்ரெபெக்சரிலை எங்களையெல்லோ கேப்பாங்கள்? என்ரை கார்த்தும் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு."

அவருடைய அச்சம் பொய்யல்ல. ப்ரெபெக்சர் அலுவலகம் தரும் வதிவிட அட்டையை, அந்தக் கார்த்தை, இழக்க எவரும் விரும்புவதில்லை. ஆயினும், காவலர் என்று சுவரில் ஒட்டிய மனிதருக்காக ஒரு தாளில் கையொப்பமிட முடியாத சங்கத்துக்கு அந்தச் சுவரொட்டி எதற்கு? வாசலில் காத்துநின்ற மரியதாஸ் என் முகத்தைப் பார்த்தான்.

டெல்வுட்டிடமிருந்து நான் வைத்திருக்கும் பொருள் எதுவுமில்லை. எழுத்தில் கேள், எழுத்தில் வாங்கு என்ற அவருடைய பிடிவாதம் மட்டும், பிந்தியேனும், என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மரியதாசின் காலக்கெடு மார்ச் 20. ஆகவே, நொத்தாரிசுக்குக் கடிதம் தருவீர்களா, இல்லையா என்பதை மார்ச் 13, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் செயற்குழு எனக்கு எழுத்தில், கையொப்பத்துடன் அறிவிக்க வேண்டும். இல்லையென்றாலும், இல்லையென்று எழுதுங்கள். இந்தக் கட்டுரையை மலர்ப் பொறுப்பாளரிடம் நேரில் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு அவர் துண்டு எழுதித் தரும்வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.