நாறாத வருஷம்

முட்டையை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நேற்று எனக்கு ஆனது. தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, வீடெல்லாம் நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நான் மட்டும் ஆசையாக மூச்சை இழுத்தேன். என் முதல் உத்தியோகத்தின் வாசனை அல்லவா!

ஊட்டியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். பெட்ரோலிய ஆராய்ச்சிக்கு ஊட்டி எதற்கு என்று கேட்காதீர்கள். இயக்குநருக்கு வெயில் ஆகாது. முன்னறையில் கனமான எண்ணெயைக் கொதிக்கும் சூட்டில் களிமண் வினையூக்கியின்மேல் விட்டு உடைப்பார்கள். பெட்ரோல் கொஞ்சம் வரும். அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயு நிறைய வரும். அதைக் கழுவிச் சுத்தமாக்குவது பின்னறையில் என் வேலை. கழுவும் திரவமோ குளிரில் பீப்பாயிலேயே உறைந்துவிடும். வெளியே உருட்டிப்போய்க் கணப்பு மூட்டி இளக்குவேன், நானும் குளிர்காய்வேன். ஆராய்ச்சியில் பாதி அதுதான்.

ஊட்டியிலேயே காந்தலில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாள், கொடியில் என் சட்டையைப் பார்த்தாலே கேட்பார்: "ஏனுங்க, முட்டை ஆபீஸ்ல குளிக்கறதுக்கு லீவே குடுக்க மாட்டாங்களா?"

மே மாதம், மலர்க் கண்காட்சிக்குச் சரியாக, மதிப்பீட்டுக் குழு குடும்பத்தோடு வரும். கூடம் நடப்பதும் மூடுவதும், என் தற்காலிக வேலை நிரந்தரமாவதும் அவர்கள் கையில். வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கை மூடி, "வேலை ஜோரா நடக்குது" என்று சொல்லிவிட்டுப் பூப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஒரு வருஷம், அவர்கள் வருவதற்குச் சற்று முன், எனக்கு நிஜமாகவே கைகூடிவிட்டது. நாற்ற வாயு பட்டால் கறுத்துப்போகும் தாளைக் குழாய் வாயில் பிடித்தேன். வெள்ளையாகவே இருந்தது. இயக்குநர் என்னைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கார அம்மாள்தான் கவலைப்பட்டார்: "நாத்தமே இல்லீங்களே, வேலைய உட்டுப்போட்டீங்களா?"

குழுத் தலைவர் வாசலில் நின்று மோந்து பார்த்தார். கைக்குட்டை பையிலேயே இருந்தது.

"என்னய்யா, மெஷின் ஓடலையா?"

"ஓடுதுங்க சார்" என்று தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளைத் தாளா இருக்கு. ரிசல்ட் எங்க?"

விளக்க ஆரம்பித்தேன். வெளியே அவர் மனைவி கார் ஹாரனை அழுத்தினார். பணி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை என்று அடுத்த மாதமே மூடச்சொல்லி உத்தரவு வந்தது.

அங்கே இப்போது ஒரு ரிசார்ட். போன சீசனில் அதன் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். தைலமரமும் யாரோ போடும் பஜ்ஜியும் மணந்தன. பீப்பாய், குழாய்கள், இயக்குநரின் கம்பளிக் குல்லாய், ஒன்றுமில்லை.

காவலாளி ஓடி வந்தார். "என்னங்க சார், ஏதாச்சும் நாறுதுங்களா?"

"இல்லப்பா" என்றேன். கடைசியாக ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.