ஒட்டுப்பால் சட்டை

எட்டு வயதில் துரை பங்களாவுக்கே பால் கறந்து கொடுத்தவள் நான் என்றால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எங்கள் செவலைப் பசுவிடம் ஓர் உதை வாங்கியிருந்தால் அவளுக்குச் சிரிப்பு வராது.

எங்கள் தோட்டம் சிரம்பானிலிருந்து மம்பாவ் போகும் பக்கம் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அப்பா மாட்டுக்கொட்டகை போட்டிருந்தார். ஐப்பசி பிறந்தால் மழை விடாது. ரப்பர் எடுக்கப் பால்மரத்துப் பட்டையை வெட்ட முடியாது, ஊருக்கே வேலை இல்லை. மாட்டுக்கு ஏது அதெல்லாம்? ஈரப்புல்லை உதறிப் போடுவது, கொட்டகைச் சேற்றை வழிப்பது, கொசுவுக்கு மூட்டம் போடுவது எல்லாம் என் தலையில்தான். கறப்பது மட்டும் அம்மா. வேறு யார் மடியில் கை வைத்தாலும் செவலை தூக்கி அடித்துவிடும்.

அப்படி ஒரு மழையில் அம்மா பிள்ளைப்பேற்றுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பா கறக்க உட்கார்ந்தார். செவலை பாலை எக்கிக்கொண்டது. அரைச் சொம்புகூடத் தேறவில்லை. மூன்று நாளாக இதே கதை. மூன்றாம் நாள் சாயங்காலம் கங்காணி குடையோடு வந்து நின்றார்.

“நாளைக்கும் பால் வரலன்னா மாட்டத் தோட்டத்த விட்டு ஓட்டிடணும்னு தொர சொல்லிட்டாரு. நான் என்னலா செய்ய?”

பங்களாவுக்குப் பால் ஊற்றுகிறவர் என்றுதான் அப்பாவை மாடு வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். இரண்டு நாளாகவே அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாட்டுக் கவலை என்று நினைத்தேன். நான் கொட்டகைக்கு ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சனியன், அப்போதும் அது புல்லைத்தான் மென்றுகொண்டிருந்தது.

சித்தப்பாவுக்குத்தான் அந்த அபார யோசனை வந்தது. அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டால் மாடு ஏமாந்துவிடுமாம். துரை குடிக்கிற பாலாயிற்றே, அழுக்குச் சேலை ஆகுமா? மறுநாள் விடிந்ததும் சவுக்காரம் போட்டுக் குளித்து, பெட்டியிலிருந்த தீபாவளிச் சேலையைச் சுற்றி, முக்காடும் போட்டுக்கொண்டு வந்தார். முக்காட்டுக்குள் முறுக்கு மீசை! செவலை ஒரு தடவை மோந்து பார்த்தது. அவ்வளவுதான், சித்தப்பா சேலையோடு சாணக்குழியில் கிடந்தார்.

எனக்குப் பொறி தட்டியது. அம்மா என்றைக்குப் புதுச்சேலை கட்டிக் கறந்தாள்? மரம் வெட்டக் கிளம்புகிற கோலத்திலேயே அல்லவா கறப்பாள்! அந்த வெட்டுச் சட்டையில் மரத்துப் பால் சிந்தி ஒட்டுப்பாலாகிப் பாளம் பாளமாகக் காய்ந்து கிடக்கும். நாற்றம் குடலைப் புரட்டும். வீட்டுக்குள் விடமாட்டோம், வெளியே ஆணியில்தான் தொங்கும். ஓடிப்போய் எடுத்து மாட்டினேன். முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

“அடியே, அந்த நாத்தத்தப் போட்டுக்கிட்டுத் தொர பால்ல கைய வெக்காத!” சித்தப்பா குழியிலிருந்தே கத்தினார்.

“விடுறா, பாப்போம்” என்றார் அப்பா.

கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினேன். அம்மா செய்வதுபோல் நெற்றியை அதன் விலாவில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன். செவலை திரும்பி என்னை மோந்தது. மாடு நீளமாக ஒரு மூச்சு விட்டது. மடி சுரந்தது! சர் சர்ரென்று சொம்பு நிரம்பி, இன்னொரு சொம்பும் நிரம்பியது. விரலெல்லாம் மரத்துப்போயிற்று, நான் நிறுத்தினேனா?

“ஏ ஆத்தா! எங்காத்தா!” என்று அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். லயமே திரண்டு வந்து பார்த்தது. பங்களாச் சமையல்காரர் பாலை முகர்ந்து பார்த்து, ஒரு குறையும் சொல்லாமல் உள்ளே கொண்டுபோனார். செவலை எங்களோடு இருந்துவிட்டது.

நான் சட்டையைக் கழற்றாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் அத்தை. தொட்டில் காலியாக இருந்தது. பாப்பா எங்கே என்றேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை?

“அம்மா, ரெண்டு சொம்பு! செவல எனக்குக் குடுத்திருச்சும்மா!”

அம்மா சிரித்தாள். சித்தப்பாவின் முக்காட்டைச் சொன்னதும் இன்னும் சிரித்தாள். என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் ரவிக்கை முன்பக்கமெல்லாம் நனைந்து என் கன்னத்தில் வெதுவெதுப்பாகப் பிசுபிசுத்தது. இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுகிறது, அப்பாவிடம் சொல்லிக் கட்டிலை நகர்த்திப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.