வியாகுலம் ஒட்டிய கவர்

கல்லாத்துப்பட்டியில் வியாகுலத்தின் பெயரைச் சொன்னால், "கவரைத் தப்பா ஒட்டி அண்ணனைத் தோக்கடிச்சாரே, அவருங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஒன்பது ஆண்டுகளாக அவருக்கு அந்த அடையாளம்தான். அதில் பாதிதான் உண்மை. மீதியை எழுதட்டுமா என்று நான் கேட்டதற்கு அவர் இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, "எழுதுங்க தம்பி. அண்ணனும் போய்ச் சேந்துட்டாரு. ஆனா அவரைக் கொறைச்சு மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

ஆகவே அண்ணனிடமிருந்தே தொடங்குகிறேன். மதலைமுத்து ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். அப்பா இறந்தபோது வீட்டில் நான்கு ஏக்கர் மானாவாரி நிலமும், ஒரு ஜோடி மாடும், எட்டு வயதுத் தம்பியும் மிச்சம். ராகியும் கடலையும் விளைவித்துத் தம்பியை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். தம்பிக்கு யூனியன் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்த அன்று ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். பிறகு அதே அலுவலகத்தில் சேர்ந்த என் வீட்டிலும் நான்தான் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன். பின்னால் நின்று ஏர் ஓட்டியவர் இல்லாமல் எங்களைப் போன்றவர்கள் யாரும் மேசைக்கு முன்னால் உட்காரவில்லை. வியாகுலம் இதை ஒரு நாளும் மறந்தவரல்ல.

அலுவலகத்தில் அவர் பெயரெடுத்தது தேர்தல் வேலையில். தேர்தல் நாளில் வெளியூர் வாக்குச்சாவடிக்குப் போகும் ஊழியர்கள் சொந்த ஊரில் வாக்களிக்க முடியாது. தபாலில்தான் அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு கவர்கள் உண்டு. ஓட்டுச்சீட்டைச் சின்னக் கவரில் வைத்து ஒட்ட வேண்டும். 'இது என் ஓட்டு' என்று கையெழுத்திட்டு, ஓர் அதிகாரியின் சான்றும் வாங்கிய உறுதிமொழித் தாளைத் தனியாக வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் பெரிய கவருக்குள் போட வேண்டும். இதை வாத்தியார்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுப்பவர் வியாகுலம்தான். "சின்னக் கவரு ஓட்டுக்கு மட்டும். அதுக்குள்ள வேற ஒரு துரும்பும் போகக் கூடாதுங்க" என்பார். அறுபத்தேழில் அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் கவர்கூடத் தள்ளுபடியாகவில்லை.

மதலைமுத்து ஊராட்சி மன்றத் தலைவராக இருந்த காலத்தில், அறுபத்தொன்பதில், மழை பொய்த்தது. அரசாங்கம் ஊருக்கு ஒரு குடிநீர்க் கிணறு அனுமதித்தது. அதை அவர் தன் நிலத்தின் வரப்போரமாக வெட்ட வைத்தார். "ஊத்து அங்கதான் இருக்குது, நான் என்ன பண்றது?" என்றார். குடிநீருக்கு வெட்டிய கிணற்றில் பாதித் தண்ணீர் அவருடைய கடலைக்குப் பாய்ந்தது. மேட்டுத்தெருப் பெண்கள் ஒரு மைல் நடந்து வந்து, மிச்சத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்தக் கோடையில் ரோசம்மாள் என்ற ஏழு மாதக் கர்ப்பிணி, குடத்தோடு வரப்பில் சறுக்கி விழுந்தாள். ஊருக்கு வந்திருந்த வியாகுலம்தான் வண்டி பூட்டி அவளைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

திரும்பி வந்ததும் அண்ணனிடம், "மேட்டுத்தெருவுல இன்னொரு கிணறு எழுதிப் போடுண்ணா" என்றார்.

"ஆபீசு வேலையை ஆபீசுல வெச்சுக்கடா. இது ஊரு" என்றார் மதலைமுத்து.

எழுபதில் ஊராட்சித் தேர்தல் வந்தது. மேட்டுத்தெரு தர்மன் எதிர்த்து நின்றார். அவர் பேசியது ஒன்றே ஒன்று: எங்கள் தெருவுக்கு ஒரு கிணறு. அவருக்குக் குடைச் சின்னம்.

அப்போது வியாகுலம் மனைவி ராஜமேரியோடு கடத்தூரில் வாடகை வீட்டில் இருந்தார்; ஓட்டு மட்டும் சொந்த ஊரில்தான். தபால் ஓட்டு வந்து மூன்று நாள் அதை அலமாரியில் வைத்திருந்தார். நான்காம் நாள் மாலை எடுத்து, குடைக்கு எதிரே பெருக்கல் குறி போட்டார். மை காய்வதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"தம்பி, வூட்ல இருக்கியா?"

சந்தைக்கு வந்த அண்ணன். வியாகுலம் அண்ணனிடம் எதையும் ஒளித்துப் பழகாதவர். அவசரமாக மேசைமேல் கிடந்த தாள்களைச் சேர்த்து மடித்துச் சின்னக் கவரில் திணித்து, பசை தடவி ஒட்டி, அதைப் பெரிய கவரில் போட்டு அதையும் ஒட்டிவிட்டார். உறுதிமொழித் தாளும் ஓட்டோடு சேர்ந்து உள்ளே போனது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

மதலைமுத்து உள்ளே வந்து கவரைப் பார்த்தார். "ஓட்டா? போட்டுட்டியா?"

"போட்டுட்டேண்ணா."

"அப்ப எனக்கு ஒண்ணு ஆச்சு" என்று சிரித்தார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "குடு, பஸ் ஸ்டாண்டு பெட்டியில நானே போட்டுட்டுப் போறேன்" என்று கவரைக் கையில் எடுத்துக்கொண்டார். வியாகுலம் கொடுத்துவிட்டார். வேறென்ன செய்ய முடியும்?

யூனியன் அலுவலகத்தில் வாக்கு எண்ணிக்கை. எல்லா ஊர்த் தபால் ஓட்டுகளும் ஒரே மேசைக்கு வந்தன. மொத்தம் பதினான்கு. மேசையில் வியாகுலமும், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நானும். கல்லாத்துப்பட்டிக்கு இரண்டு கவர்கள். ஒன்று வெளியூரில் வேலை பார்த்த குப்புராஜ் வாத்தியாருடையது. இன்னொன்று வியாகுலத்துடையது.

வாத்தியார் கவரில் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த கவரை வியாகுலம் கத்தரித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் நிதானித்தார். உள்ளே கைவிட்டார். சின்னக் கவர் மட்டும் வந்தது. மறுபடி கைவிட்டார். கவரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்.

"சார், சின்னக் கவரு தடியா இருக்குதுங்க. உறுதிமொழியையும் உள்ளயே வெச்சு ஒட்டிட்டாங்க போல" என்றேன். யாருடைய கவர் என்று அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

"தனியா ஒதுக்கி வையுங்க" என்றார். முகத்தை நிமிர்த்தவில்லை.

பெட்டி ஓட்டுகள் எண்ணி முடிந்தபோது காலை பதினொரு மணி. மதலைமுத்துவுக்கு 318. தர்மனுக்கும் 318. வாத்தியாரின் தபால் ஓட்டைப் பிரித்தார்கள். குடை. தர்மன் 319.

மதலைமுத்து எழுந்து நின்றார். "இன்னொரு கவரு இருக்குதில்ல? அது எந்தம்பி கவரு. அதைப் பிரிச்சா நானும் முந்நூத்திப் பத்தொம்பது. அப்புறம் சீட்டுக் குலுக்கிப் போடுங்க, யாருக்கு விழுதோ விழட்டும்."

தேர்தல் அதிகாரி ராஜப்பன் நல்ல மனிதர், ஆனால் முடிவெடுக்கத் தயங்குகிறவர். விதிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "இங்கிலீஷ்ல இருக்குது. பி.ஏ. படிச்சவரு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சுச் சொல்லுங்க."

நான் படித்தேன். தமிழிலும் சொன்னேன். பெரிய கவரில் உறுதிமொழி இல்லையென்றால் சின்னக் கவரைப் பிரிக்கக் கூடாது. தள்ளுபடி என்று எழுதி ஒதுக்கிவிட வேண்டும். அத்தனை பேர் நடுவில் தடங்கலில்லாமல் படித்ததில் எனக்குப் பெருமை. அது யார் தலையில் இறங்குகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

"சட்டம் எழுதினவனுக்கு எந்தம்பியைத் தெரியுமாங்க?" என்றார் மதலைமுத்து.

ராஜப்பன் தாடையைத் தடவினார். "போட்டவரே இங்க இருக்காரு. உறுதிமொழி உள்ளதான் இருக்குதுன்னு அவரு சொன்னா, பிரிக்கலாமான்னு கலெக்டர் ஆபீசைக் கேட்டுப் பாக்கலாம். என்னங்க வியாகுலம்?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிரித்தால் தர்மனுக்கு 320. முடிவு மாறப் போவதில்லை. ஆனால் வளர்த்த அண்ணன், நூறு பேர் முன்னால், தம்பி தனக்கு எதிராகப் போட்ட குறியைத் தன் கண்ணால் பார்ப்பார்.

வியாகுலம் எழுந்தார். "சார், என் கவரைப் பத்தி நானே சாட்சி சொல்லக் கூடாதுங்க. இந்த மேசைக்கு வேற ஆளைப் போட்டுருங்க" என்று சொல்லி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

தர்மன் தரப்பு பிரிக்கக் கூடாது என்றது. மதலைமுத்து தரப்பு பிரிக்காமல் போகமாட்டோம் என்றது. ராஜப்பன் தர்மபுரிக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது சம்பந்தப்பட்ட அதிகாரி இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் மாலை போட்டு, வெடி வெடித்துப் போய்விட்டார்கள். கல்லாத்துப்பட்டிக்காரர்கள் மட்டும் புளியமரத்தடியில் நிழலோடு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஒரு கவரைப் பிரிக்க இம்மா நேரமா? எம் பொண்ணுக்கு மாப்பிள்ளையே ஒரு மணி நேரத்துல முடிச்சேன்."

"அதனாலதான் அவ மாசத்துக்கு ஒருதரம் உன் வூட்டுக்கு வந்துடறா."

சிரிப்பு எழுந்து, போலீஸ்காரர் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. ரோசம்மாளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு மணி வாக்கில் மதலைமுத்து வராந்தாவுக்கு வந்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"ஒரு வார்த்தைடா. உள்ள இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"என்னால முடியாதுண்ணா."

"ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் எனக்குப் போட்ட ஓட்டைக் கெடுத்துட்டியேடா. நானே எங்கையால பெட்டியில போட்டனே! சரி, தப்பு நடந்துபோச்சு. ஒத்துக்கிட்டுச் சொல்லேன். வெக்கமா இருக்குதா?"

"ஆமாண்ணா."

"உன் வெக்கம் பெருசா, நான் பெருசா?"

வியாகுலம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன், "இனிமே கல்லாத்துப்பட்டிக்கு வராதே" என்று சொல்லிப் போனார்.

நாலேகாலுக்குப் பதில் வந்தது: பிரிக்கக் கூடாது. கவர்மேல் சிவப்பு மையில் 'தள்ளுபடி' என்று எழுதியவன் நான். தர்மன் ஓர் ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டு மேட்டுத்தெருவில் கிணறு வெட்டினார்கள். வியாகுலம் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. அந்தோணியார் திருவிழாவுக்கும் அவர் ஊர்ப் பக்கம் போகவில்லை. எழுபத்தொன்றிலும் எழுபத்தேழிலும் அவரேதான் வகுப்பெடுத்தார். "சார், உறுதிமொழியை எந்தக் கவர்லங்க வெக்கணும்? உங்க மாதிரியா, புத்தகத்துல இருக்கற மாதிரியா?" என்று பின்வரிசையில் யாராவது கேட்பார்கள். "புத்தகத்துல இருக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவார்.

ராஜமேரிக்கு எல்லாம் தெரியும். "உங்க ஓட்டு எண்ணியிருந்தாலும் பெரியவரு தோத்துதான் இருப்பாரு. அதைச் சொல்லிட்டா என்னங்க? எதுக்கு ஊரு பழியைச் சுமக்கணும்?" என்பார்.

"தப்புப் பண்ணினவனை ஒரு நாளைக்கு மன்னிப்பாரு. எதுத்துப் போட்டவனை?" என்பது வியாகுலத்தின் பதில்.

அந்த நாள் எழுபத்தெட்டில் வந்தது. மதலைமுத்துவுக்கு ஈரல் கெட்டுப்போய், மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பியை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வியாகுலம் ஊருக்குப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடா. ஒரு கவரு. அவசரத்துல யாருக்கும் ஆகும். நாந்தான் ரொம்பப் பேசிட்டேன்."

அந்த மன்னிப்பைத்தான் எட்டு ஆண்டு காத்திருந்தார். வந்தபோது வாங்கிக்கொள்ள முடியவில்லை. சாகப் போகிறவரிடம் பொய்க்கு மன்னிப்பு வாங்குவது பாவம் என்று பட்டதாம்.

"அண்ணா, அந்தக் கவர்ல நான் உனக்குப் போடலை. தர்மனுக்குத்தான் போட்டேன்."

மதலைமுத்து கையை விடவில்லை. விடக் கொஞ்ச நேரமாயிற்று.

"கிணத்துக்கா?"

"ஆமாண்ணா."

"ஊரு உன்னைப் பாத்துச் சிரிச்சப்பல்லாம் வாயைத் திறக்கலையே நீ."

"திறந்தா உனக்குத் தெரிஞ்சுடுமேண்ணா."

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் கஞ்சியைத் தொடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வியாகுலம் லீவு சொல்லி அனுப்பிவிட்டு அங்கேயே இருந்தார்.

மூன்றாம் நாள் தர்மன் நோய் விசாரிக்க வந்தார். கூடவே தெரு ஆட்கள் நாலைந்து பேர். வியாகுலம் கட்டிலோரம் அண்ணனுக்குத் தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தார். எப்போது எது வெளிவருமோ என்று, ஆறின தண்ணீரையே மறுபடி மறுபடி ஆற்றினாராம்.

மதலைமுத்து தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். "என்ன தலைவரே, எந்தம்பி அன்னிக்குக் கவரை ஒழுங்கா ஒட்டியிருந்தா நீ ஏது, உன் தலைவர் பதவி ஏது?"

எல்லோரும் சிரித்தார்கள். தர்மனும் சிரித்தார். "அதென்னவோ வாஸ்தவந்தாங்க" என்றார்.

மதலைமுத்து மட்டும் சிரிக்காமல் தம்பியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமாண்ணா" என்றார் வியாகுலம். "என் தப்புதான்."