இந்த முறை என் பெயரும் வருமாம்

காலையில் கரோல் பாக் மெட்ரோவில் கார்த்திக்கின் அழைப்பு. ஆங்கிலப் பத்திரிகை நிருபர், டெல்லியிலேயே பிறந்தவன்; வீட்டுத் தமிழைத் தாண்டினால் அவனுக்குப் புரியாது. தமிழர் குடிசைப் பகுதிச் செய்தி என்றால், அவர்கள் பேசுவதை மொழிபெயர்க்க என்னைத்தான் கூட்டிப்போவான். அச்சில் அவன் பெயர் மட்டும் வரும்.

"அக்கா, இந்தத் தடவை உங்க பேரும் வருது. பக்கா!"

கேட்காமலே வந்த மரியாதை. எங்கேயோ உதைத்தது.

"அச்சா... முதல்ல எழுதினதை அனுப்பு."

"டைம் இல்லக்கா, ஜல்தி ஓகே சொல்லுங்க."

"படிக்காம ஓகே கிடையாது."

வேண்டாவெறுப்பாக அனுப்பினான்.

குடிசைகளை இடிக்க வந்த அதிகாரி தன்னைப் பார்த்துக் கத்தினார் என்றுதான் நேற்று நாங்கள் பார்த்த குடிசைப் பெண் சொன்னாள். நானும் அப்படியேதான் சொன்னேன். இவன் எழுதியதில் அதிகாரி அவளை அடித்திருந்தார்.

"அடிச்சார்னு யாருப்பா சொன்னா?"

"நீங்கதானேக்கா டிரான்ஸ்லேட் பண்ணீங்க!"

ஓஹோ. நாளை வக்கீல் நோட்டீஸ் வந்தால் கைகாட்ட ஓர் ஆள்.

"கத்தினார்னு மாத்து. அப்புறம் என் பேரைப் போடு."

மாலையில் செய்தி வந்தது: "மாத்தியாச்சுக்கா. பேருக்குத்தான் இடமில்லையாம்."

நாளைக்கு யாராவது பேப்பர் பார்த்தால், 'கத்தினார்' என்று இருக்கிறதா என மட்டும் சொல்லுங்கள்.

என் பெயரைத் தேட வேண்டாம்.