ஊசி போடுகிறவர்

எங்கள் ராயபுரத்துத் தெருவுக்கு நாக்கு நீளம், புத்தி கட்டை. எதிர்வீட்டு பிராங்கிளினை அது என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

பிராங்கிளின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கூட வேலை செய்த நீலமேகம் அவர் கண்ணெதிரே கண்டெய்னருக்கு அடியில் நசுங்கிச் செத்ததிலிருந்து ஆள் சரியில்லை. கிரேன் ஏணியில் கை வைத்தாலே நெஞ்சு படபடக்கும். பிறகு பாயை விட்டே எழுந்திருக்கவில்லை. வைத்த சோற்றில் ஈ மொய்க்கும். எந்த மாத்திரையும் கேட்கவில்லை.

கடைசியில் பெரம்பூர் பக்கம் ஒரு மனநல டாக்டர், கெட்டமின் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்துதான். கொஞ்சமாக, நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். கொஞ்ச நேரம் மனசு உடம்பை விட்டு விலகி நிற்குமாம். டாக்டர் பக்கத்திலேயே இருந்து, தெளிந்ததும் பேச வைப்பார். முதல் தடவையே நீலமேகத்தின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார் பிராங்கிளின். அடுத்தடுத்துப் போனதில், ஒருநாள் தானே சவரம் செய்துகொண்டு மீன் வாங்கக் கிளம்பினார். நடுவில் நிறுத்தினால் பழையபடி விழுந்துவிடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அவர் மனைவி ஜானட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் லாரியில் குடம் பிடிக்கும்போது, "எங்க வூட்டுக்காரு ஊசி போட்டுக்கினு கீறாரு, இப்போ ஷோக்கா கீறாரு" என்றாள். ஆஸ்பத்திரியை நினைத்துச் சொன்னாள். எங்கள் பக்கம் ஊசி போடுகிறவன் என்றால் தண்டவாளத்து ஓரம் சுருண்டு கிடக்கிற போதைக்காரன். இங்கேயே பிறந்தவள் மறந்துவிட்டாள், தெரு மறக்குமா? சாயங்காலத்துக்குள் பேச்சு டோல்கேட் தாண்டிவிட்டது.

ஜானட்டின் அண்ணன் ஆன்றோ ஆட்களோடு வந்து இறங்கினான். கெட்டமினைச் செல்போனில் தேடினான். பார்ட்டிகளில் அதைப் போதைக்கு உறிஞ்சுகிறார்கள் என்ற வரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டான். ஜானட் காலில் விழுந்தும் கேட்கவில்லை.

"மச்சான், நான் போதையில இல்ல. இப்பதான் முழிச்சிக்கினு வர்றேன்" என்றார் பிராங்கிளின்.

அவரை வேனில் திணித்து, போதை மறுவாழ்வு மையம் என்று ஒரு பூட்டிய வீட்டில் போட்டார்கள். தெரு வேடிக்கை பார்த்தது. தடுக்கப் போன என்னையும் பிடித்துத் தள்ளினார்கள். அந்தப் பூட்டுக்குள் அவருக்குக் கிடைத்த மருந்து அடி ஒன்றுதான்.

குணமாகிவிட்டார் என்று திருப்பி அனுப்பியபோது மறுபடி பாய்தான், சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்தான். போன ஞாயிறு பூசை முடிந்து ஆன்றோ வந்தான். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பெருமை பேசினான்.

"பாத்தியா தங்கச்சி, இப்போ ஊசியே கேக்கறதில்ல."

ஜானட் ஈ மொய்த்த தட்டை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"சோறும் கேக்கறதில்லண்ணா."