அக்காவுக்கு வராத கதவு

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் டாக்சி ஸ்டாண்டில் அதிகம் சத்தம் போட்டது என் கார்தான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். துபாய் போய் வந்த கடையநல்லூர்க் கூட்டாளி ஒருவர் கேசட் செட்டும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் கொண்டுவந்து கொடுத்தார். பின் சீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து மாட்டினேன். பாட்டில் தவில் அடித்தால் உட்கார்ந்திருப்பவர் முதுகு அதிரும். எனக்கு அதுவும் போதவில்லை. தெருவுக்கே கேட்க வேண்டும்.

கேட்கத்தான் செய்தது. பாட்டோடு சேர்ந்து கதவுகளும் கேட்டன. எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்த வண்டி அது. தவிலின் கனத்த பேஸ் சத்தம் ஏறும்போதெல்லாம் நான்கு கதவும் தடதடவென்று ஆடும். ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன வே, பாட்டுப் போட்டீரா, தகர டப்பாவ உருட்டி விட்டீரா?" என்றார். அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்கள். நான் யாரையும் கேலி பண்ணுவேன், என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தால் பொறுக்காது. இந்தக் கோணல் குணத்தைச் சொல்லாமல் மீதிக் கதையைச் சொல்ல முடியாது.

இரண்டு நாள் சவாரிக்குப் போகவில்லை. கதவுகளின் உள் அட்டையைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபைக் கீறித் தகரத்தில் பசை போட்டு ஒட்டினேன். மூன்று கதவுகள் அடங்கிவிட்டன. பின்பக்கத்து இடது கதவு மட்டும் அடங்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன். ஆடியது தகரம் இல்லை. உள் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பி. அது ஆடாமல் இருக்கத் துணியைச் சுற்றினேன். வண்டி துடைக்க வைத்துக்கொள் என்று என் அக்கா துவைத்து மடித்துக் கொடுத்த அவளுடைய பழைய நூல் சேலைதான் அந்தத் துணி. பாதியைக் கிழித்துச் சுற்றிவிட்டு, மீதியை அந்தப் பொந்திலேயே திணித்தேன். சத்தத்தை முழுதாகத் திறந்துவிட்டுப் பார்த்தேன். கதவு மூச்சுக் காட்டவில்லை. அந்தக் கதவை உள்ளேயிருந்து ஒருமுறை திறந்து பார்ப்போம் என்று மட்டும் தோன்றவில்லை. டிரைவர் எந்தக் காலத்தில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான்?

அக்கா திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்டு ஒற்றை மகளை வளர்த்தவள். அத்தான் இல்லை. அந்த வாரமே மகளுக்கு ராயகிரியில் ஒரு இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக அவளும், தாய்மாமன் என்று நானும்தான். பஸ்ஸில் போவோம் என்றாள்.

"மாமன்காரன் காரு வச்சிருக்கேன், பஸ்ஸுல போயி எறங்கவா? நம்ம பிள்ளைக்கு ஒரு கவுரவம் வேண்டாமா?" என்று நான்தான் வற்புறுத்தி ஏற்றினேன்.

அவள் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. வெளியிலிருந்து நானே அந்தப் பின்பக்கத்து இடது கதவைத் திறந்து உட்கார வைத்தேன். சிவகிரி தாண்டியதும், "தம்பி, எறங்கும்போது இதை எப்படித் தொறக்கணும்? அங்கன போயி முழிக்கக் கூடாதுல்லா" என்று கேட்டாள்.

"அந்தக் கைப்பிடியக் கீழ அமுக்கு. அம்புட்டுதான்."

"கீழயா?"

"கீழதான்."

தனக்குள்ளே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் வேலை நிலைக்குமா, பிள்ளையைக் காட்டு வேலைக்கு அனுப்புவார்களா. பாட்டுச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

ராயகிரித் தெருவுக்குள் பாட்டை முழுக்க வைத்துத்தான் நுழைந்தேன். வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அம்மாவும் ஐந்தாறு பெண்களும் நின்றார்கள். நான் இறங்கி வேட்டியைச் சரிசெய்தேன். அக்கா இறங்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். சொல்லிக் கொடுத்தபடி கைப்பிடியைக் கீழே அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். பிறகு இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"தம்பி, வரமாட்டேங்கு" என்றாள்.

"என்ன, சம்பந்தியம்மா உள்ளேயே இருக்காவ?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

என் காரைக் குறை சொல்லிவிடுவார்களே என்பதுதான் அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது. வாய் முந்திக்கொண்டது. "ஆடத் தெரியாதவ முத்தம் கோணல்னாளாம். எங்க அக்காவுக்கு மாட்டுவண்டிதான் பழக்கம். கார் கதவெல்லாம் எங்க தெரியப்போவுது!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து ஒரு விரலால் திறந்தேன். கதவு வெண்ணெயாகத் திறந்தது. வாசலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிவந்துபோன கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே போய் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். கார் கதவே திறக்கத் தெரியாதவள் எந்த வாயால் கேள்வி கேட்பது என்று இருந்துவிட்டாள் போலும். பேச்சு முடிந்து, தட்டும் மாற்றியாயிற்று.

சாயங்காலம் அவளை ஊரில் இறக்கிவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து அதே கைப்பிடியை நானே அமுக்கினேன். திறக்கவில்லை. அட்டையைக் கழற்றினேன். நான் திணித்த சேலை கம்பியோடு முறுக்கி அதை அசையவிடாமல் பிடித்திருந்தது. முற்றம் நிஜமாகவே கோணல். கோணலாக்கியவன் நான். துணியை உருவியதும் கதவு திறந்தது. மெல்லிய துண்டாகக் கிழித்துப் பக்குவமாகச் சுற்றினேன். கதவைச் சரிசெய்தேனே தவிர, அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா "கார் கதவு தெரியாத சம்பந்தி" என்று பந்தியிலேயே கேலி பண்ணினபோது, பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றேன். அக்கா இலையைப் பார்த்துச் சிரித்தாள். நான் அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மகளுக்குச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் பிரசவம். குழந்தையோடு அவர்களை அதே காரில் ஊருக்குக் கூட்டிப் போனேன். பாட்டுப் போடவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், மடியில் குழந்தையை வைத்திருந்த மகள் இடது கதவின் கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனாள். அக்கா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வைக்காத மக்கா. நமக்கு அது வராது. மாமா வந்து தொறந்து விடுவான்."

மகள் கையை எடுத்துக்கொண்டாள். மகள் குழந்தையை அணைத்துக்கொண்டும், அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டேன்.